ஒரே ஊசி, இரண்டு பிள்ளைகள்: டெக்சாஸ் சட்டம் பற்றி ஒரு கேள்வி

#1 கத்தரிவெயில்

வணக்கம். இந்தத் தளத்தில் நான் பெரும்பாலும் ஐ-140 (கிரீன் கார்டு மனு) இழைகளிலும் சாம்பார் பொடி இழைகளிலும் மட்டும் தலைகாட்டுபவள். நேற்று இன்னொரு இழையில் ஒருவர், திருநர் பிள்ளைகளுக்கான வைத்தியத்தை மாநிலங்கள் தடை செய்யலாம் என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஸ்க்ரமெட்டி தீர்ப்பைக் “குழந்தைகளைக் காப்பாற்றிய தீர்ப்பு” என்று எழுதியிருந்தார். படித்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்திருக்கிறேன். பெயர், தெரு எதுவும் கேட்காதீர்கள்.

எங்கள் வீடு டல்லாஸுக்கு வடக்கே. நாத்தனார் வீடு பத்து நிமிடத் தூரம். அவள் பெண்ணுக்கு 2021-இல், ஏழு வயதிலேயே, உடம்பு மாறத் தொடங்கியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. டாக்டர் இடது கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பின் வயது அவள் வயதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். பருவமாற்றத்தைத் தள்ளிப்போடும் மருந்து. பியூபர்ட்டி பிளாக்கர் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதுதான். ஊரிலிருந்து மாமியார் போனில், “பச்சப்புள்ள எப்படித் தாங்கும், சீக்கிரம் போடச் சொல்லு” என்று அழுதார்.

நாத்தனாருக்கு ஷிஃப்ட் இருக்கும் நாளில் நான்தான் அவளைக் கூட்டிப் போவேன். அந்த ஊசி எனக்கு மனப்பாடம். ஒரே சிரிஞ்சுக்குள் இரண்டு அறை. ஒன்றில் பொடி, ஒன்றில் நீர். நர்ஸ் மெல்லத் தள்ளிக்கொண்டே வருவார். ரப்பர் நடுவிலிருக்கும் நீலக் கோட்டைத் தொட்டதும் நீர் பொடியில் இறங்கும். உள்ளங்கையில் தட்டிக் குலுக்கினால் பால்போல ஆகும். பிறகு தொடையில். பிள்ளை கத்துவாள், ஸ்டிக்கர் கொடுப்பார்கள், முடிந்தது.

2022-இல் அதே கிளினிக், அதே நர்ஸ், அதே நீலக் கோடு. நாற்காலியில் இந்த முறை என் பிள்ளை.

பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள். அவன் என்று எழுதுகிறேன். ஆரம்பத்தில் எனக்கும் நாக்கு புரளவில்லை, இப்போது பழகிவிட்டது. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஔவையார் வேடம் கொடுத்ததற்கு, அதியமான் வேடம்தான் வேண்டும் என்று அழுது புரண்டவன். அப்போது எல்லாரும் சிரித்தோம். பத்து வயதில் குளியலறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் குளிக்க ஆரம்பித்தான். அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் மனநல ஆலோசகரிடம் போய் வந்தோம். அதன் பிறகுதான் ஊசி.

2023 ஜூன் 2 அன்று டெக்சாஸ் கவர்னர் அபட் எஸ்பி 14-இல் கையெழுத்துப் போட்டார். பால் மாற்றத்துக்காகப் பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் இந்த ஊசியோ ஹார்மோனோ கொடுக்கக் கூடாது என்ற சட்டம் அது. செப்டம்பர் 1 முதல் அமல். அந்த மாதம் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வாரத்தில் ஊசி நாள். அவளுடைய அப்பாயின்ட்மென்ட் அப்படியே இருந்தது. அவனுடையது ரத்து. முன்கூட்டியே பருவமடையும் பிள்ளைக்கு இந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே விலக்கு எழுதியிருக்கிறது.

மருந்து விஷம் என்றால் அவளுக்கும் விஷம்தானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை போட வரவில்லை.


#2 கொல்லிமலை

தங்கச்சி, மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஹூஸ்டனில் 31 வருடம். அபட்டுக்கு மூன்று முறையும் ஓட்டுப் போட்டவன். இந்தச் சட்டத்தையும் ஆதரிக்கிறேன்.

ஏழு வயதில் வருவது நோய். பதினொன்றில் வருவது இயற்கை. நோயைத் தள்ளி வைப்பதும் இயற்கையை நிறுத்துவதும் எப்படி ஒன்றாகும்? கத்தி ஒன்றுதான். டாக்டர் கையில் இருந்தால் வைத்தியம், வேறு ஆள் கையில் இருந்தால் வழக்கு. ஊசி ஒன்றாக இருப்பதால் காரியமும் ஒன்று என்று சொல்ல முடியாது.

பதினைந்து வயதில் மார்பை எடுத்துக்கொண்டு, அப்புறம் வருந்தி, மாநிலம் மாநிலமாகச் சட்டமன்றத்தில் சாட்சி சொன்ன பெண்ணின் பேச்சை நான் முழுதும் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? பச்சை குத்தவே டெக்சாஸில் பதினெட்டு வயது கேட்கிறான். அது வரை பொறுத்தால் என்ன குறைந்துவிடும்? உங்கள் பெண்ணின் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.


#3 மூன்றாம்பெஞ்ச்

பச்சையைக் குத்தாமல் விட்டால் தோல் அப்படியே இருக்கும் அண்ணா. பருவம் பதினெட்டு வரை வாசலில் நிற்காது.


#4 நெறியாளர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கிண்டலுக்கு வேறு இடம் நிறைய இருக்கிறது. பிள்ளையை அவன் அம்மா எப்படி அழைக்கிறாரோ அப்படியே இங்கும் அழையுங்கள். கொல்லிமலை ஐயா, உங்களையும் சேர்த்துத்தான்.


#5 வாய்தா

நான் வக்கீல், ஆனால் உங்கள் வக்கீல் இல்லை. இதை முதலில் போட்டுவிடுகிறேன், தொழில் பழக்கம்.

கத்தரிவெயில் கேட்ட அதே கேள்விதான் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதுதான் ஸ்க்ரமெட்டி வழக்கு, டென்னசி மாநிலத்தின் 2023-ஆம் வருடச் சட்டம் பற்றியது. டெக்சாஸ் சட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மருந்து, ஒரு பிள்ளைக்கு உண்டு, இன்னொரு பிள்ளைக்கு இல்லை, பிரிப்பது அந்தப் பிள்ளை பிறந்த பால்தானே, ஆகவே இது பாலினப் பாகுபாடு என்று வாதாடினார்கள். 2025 ஜூன் 18 அன்று ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பு. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார்: சட்டம் வயதையும் மருந்தின் பயன்பாட்டையும் வைத்துப் பிரிக்கிறது, பாலை வைத்து அல்ல. அப்படிச் சொல்லிவிட்டால் மாநிலம் ஏதோ ஒரு நியாயமான காரணத்தைக் காட்டினால் போதும், நீதிமன்றம் கிண்டிக் கிளறாது. கொல்லிமலை ஐயாவின் கத்தி உவமையும் கிட்டத்தட்ட அங்கேதான் போய் நிற்கிறது.

எதிர்த் தீர்ப்பை எழுதிய சோட்டோமயோர் டென்னசிச் சட்டத்தின் வாசகத்தையே எடுத்துக் காட்டினார். பிள்ளைகள் தங்கள் பாலை மதிக்கும்படி ஊக்குவிப்பதில் மாநிலத்துக்கு அக்கறை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. இது மருந்தின் பக்கவிளைவு பற்றிய வாசகமா? நீங்களே சொல்லுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளையின் வைத்தியத்தைத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்கா, மாநிலத்துக்கா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே இல்லை. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் எடுத்துக்கொண்டது, மாநிலத்தின் பக்கம் சொல்லிவிட்டது. பள்ளி நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்பதில் பெற்றோர் உரிமை என்று முழங்கும் அதே குடியரசுக் கட்சிதான் இந்தச் சட்டத்தையும் கொண்டுவந்தது. சும்மா ஒரு குறிப்பு.

கொல்லிமலை ஐயாவுக்கு: இது முழுக்கக் கட்சி விவகாரமும் இல்லை. 2021-இல் இப்படி முதல் தடையைக் கொண்டுவந்தது ஆர்கன்சா. கவர்னர் அசா ஹட்சின்சன் குடியரசுக் கட்சிக்காரர்தான். டாக்டருக்கும் பெற்றோருக்கும் நடுவில் அரசாங்கம் புகுவது அத்துமீறல் என்று ஏப்ரல் 5 அன்று மறுத்துத் திருப்பி அனுப்பினார். மறுநாளே சட்டமன்றம் அவரைத் தாண்டி நிறைவேற்றியது. ஒஹையோவில் மைக் டிவைன், அவரும் உங்கள் கட்சிதான். குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு நேரில் போய், குடும்பங்களோடு பேசிவிட்டு, 2023 டிசம்பரில் மறுத்தார். அடுத்த மாதமே அவரையும் தாண்டினார்கள். நேரில் போய்ப் பார்த்தவர் மனம் மாறினார், பார்க்காதவர்கள் கை தூக்கினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


#6 தேம்ஸ்கரை

இங்கிலாந்தில் ஜி.பி.யாக, அதாவது குடும்ப டாக்டராக, இருக்கிறேன். இந்த இழையில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கப்போவது நான்தான், பரவாயில்லை.

சகோதரி கேட்டதற்கு நேரான பதில்: உங்கள் நாத்தனார் பெண்ணுக்கு இந்த மருந்து கொடுப்பதற்குப் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. வழக்கமான வயது வந்ததும் நிறுத்திவிடுகிறோம், உடம்பு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. உங்கள் மகன் விஷயத்தில் பருவத்தை நிறுத்தி வைப்பது மற்றவர்களுக்கெல்லாம் எலும்பில் சுண்ணாம்பு ஏறும் வயதில். மருந்தை நிறுத்திய பிறகு என்ன என்பதும் வேறு. எங்கள் நாட்டில் நடந்த ஓர் ஆய்வில் மருந்து தொடங்கிய 44 பேரில் 43 பேர் அடுத்த கட்டமாக எதிர்ப்பால் ஹார்மோனுக்குப் போனார்கள். சரியான பிள்ளைகளைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று சிலர் அதைப் படிக்கிறார்கள். யோசிக்கக் கொடுத்த அவகாசமே ஒரு பாதையாகிவிட்டது என்று சிலர் படிக்கிறார்கள். எனக்கு இரண்டும் பொருத்தமாகத்தான் படுகிறது.

இங்கே நடந்ததையும் கேளுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று நாடு முழுவதற்கும் லண்டன் டாவிஸ்டாக்கில் ஒரே ஒரு பிரிவு இருந்தது. 2011-12-இல் 250 பிள்ளைகளை அனுப்பினார்கள் என்றால், பத்து வருடம் கழித்து ஐயாயிரத்துக்கும் மேல். டாக்டர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தார். ஆதாரம் பலவீனமானது என்றார். ஆகவே பிளாக்கரை ஆய்வுக்குள் வைத்துக் கொடுங்கள், பிள்ளையை முழுதாகப் பாருங்கள், மன அழுத்தம், ஆட்டிசம் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனியுங்கள், ஊருக்கு ஊர் நல்ல பிரிவுகளைத் தொடங்குங்கள் என்றார். குற்றச் சட்டம் போட்டுத் தடை செய்யுங்கள் என்று அந்த அறிக்கையில் எங்கும் இல்லை.

அரசியல்வாதிக்கு அதில் எந்தப் பாதி பிடித்தது? 2024 மே 29, தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைவதற்கு முந்தைய நாள், தனியார் மருந்துச் சீட்டுக்கும் அவசரத் தடை. அப்புறம் ஆட்சி மாறியது. லேபர் அமைச்சர் ஸ்ட்ரீட்டிங் டிசம்பரில் அதைக் காலவரையின்றி நீட்டினார், 2027-இல் மறுபரிசீலனையாம். தடை ஒரு கையெழுத்தில் வந்தது. நல்ல பிரிவுகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. நான் பரிந்துரைக் கடிதம் எழுதிய ஒரு பிள்ளைக்கு முதல் சந்திப்புத் தேதி வந்தபோது குரல் உடைந்து மீசை அரும்பியிருந்தது. எதைத் தள்ளிப்போட உதவி கேட்டதோ, அது முடிந்தே போயிருந்தது.

ஸ்வீடனும் பின்லாந்தும் பின்வாங்கிவிட்டன என்று கொல்லிமலை போன்றவர்கள் அடிக்கடி சொல்வீர்கள். உண்மைதான், பின்வாங்கின. ஆனால் அங்கே முடிவெடுத்தது சுகாதார அமைப்புகள். விதிவிலக்கான பிள்ளைக்கு இன்றும் வழி இருக்கிறது. டாக்டர் லைசென்ஸைப் பிடுங்குவோம் என்று அங்கே யாரும் மிரட்டவில்லை. நான் எச்சரிக்கையின் பக்கம். டெக்சாஸின் பக்கம் இல்லை. இந்த இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்களோடு பேசிப் பேசித் தொண்டை வற்றிவிட்டது.


#7 கத்தரிவெயில்

டாக்டர், நீங்கள் எழுதிய எலும்பு விஷயம்தான் என் வயிற்றில் புளியைக் கரைப்பது. அதை யாரும் சொல்லாமல் இல்லை. முதல் நாளே டாக்டர் சொன்னார். எலும்பு அடர்த்தி ஸ்கேன் இரண்டு முறை எடுத்திருக்கிறோம். வைட்டமின் டி, கேழ்வரகு, எள்ளுருண்டை என்று வீடே சத்துணவுக் கூடமாகிவிட்டது. இரண்டாவது ஸ்கேனில் அளவு கொஞ்சம் குறைந்திருந்தது. அன்று ராத்திரி நானும் அவரும் பேசிக்கொள்ளவே இல்லை. தப்புப் பண்ணுகிறோமோ என்ற கேள்வி எங்களை விட்டு ஒரு நாளும் போனதில்லை. அந்தக் கேள்வியை எங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசத்தான் ஆசை. தலைநகர் ஆஸ்டினில் சட்டம் போடும் ஆளோடு அல்ல.

சட்டம் வந்தபோது எங்களுக்கு ஒரு சலுகை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன் 1-க்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது பன்னிரண்டு முறை ஆலோசனைக்குப் போயிருந்தால், “படிப்படியாக நிறுத்த” அனுமதி. தொடர அல்ல, நிறுத்த. அதற்கு ரசீதெல்லாம் எடுத்து ஃபைல் போட்டேன். பாதியில் எதற்காக இதைச் செய்கிறேன் என்று கை நின்றுவிட்டது.

அக்டோபர் முதல் நியூ மெக்சிகோ. டல்லாஸிலிருந்து 287 நெடுஞ்சாலையைப் பிடித்து அமரில்லோ, அங்கிருந்து ஐ-40. ஆல்புகர்க்கி போய்ச் சேரப் பத்து மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசிக்கு அவ்வளவு தூரம். இடையில் வீடியோவில் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றாலும் நம் உடம்பு அந்த மாநில எல்லைக்குள் இருக்க வேண்டும். அதனால் டுகும்காரி வரை ஏழரை மணி நேரம் ஓட்டி, ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, காருக்குள்ளேயே இருபது நிமிடம் பேசிவிட்டுத் திரும்புவோம். டிபன் பாக்ஸில் புளியோதரை. அவன் ஹோம்வொர்க்கைப் பின் சீட்டில் முடிப்பான்.

வேறு மாநிலம் போய்விடுங்கள் என்று சொல்பவர்களுக்கு: அவருக்கு ஹெச்-1பி. வேறு ஊர் என்றால் மனுவைத் திருத்த வேண்டும், கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டும், கிரீன் கார்டுக்கான முதல் படியான பெர்ம் மறுபடி முதலிலிருந்து. வரிசையில் நம் இடத்தைச் சொல்லும் பிரையாரிட்டி டேட் மட்டும் கையில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை வருடமாக நிற்கிறோம் என்று இந்தத் தளத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நடுவே மாமியார். ஞாயிறு தவறாமல் போன். “இன்னும் உட்காரலையா அவ?” அங்கே பேத்திக்கு ஊசி போடச் சொல்லி அழுத அதே வாய். இரண்டும் ஒரே ஊசி என்று அவருக்கு இதுவரை சொல்லவில்லை.


#8 கொல்லிமலை

2022-இல் பெற்றோரைக் குழந்தை வதைக் கேஸில் விசாரிக்கச் சொன்னாரே அபட், அது அதிகப்படி. அதை நான் அப்போதே எங்கள் கட்சிக்காரர்களிடம் சொன்னேன். மற்றபடி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. காஸ் அறிக்கையை டாக்டர் தம்பியே ஒத்துக்கொள்கிறார். ஆதாரம் பலவீனம் என்றால் நிறுத்தி வைப்பதுதானே முறை?


#9 மூன்றாம்பெஞ்ச்

கத்தரிவெயில் அக்கா, நான் திருநம்பி. வயது 26. வளர்ந்தது நியூ ஜெர்சி. என் காலத்தில் எங்கள் வீட்டில் பிளாக்கர் என்ற சொல்லே தெரியாது, ஆகவே எனக்குக் கிடைக்கவில்லை. பதினான்கு வயதில் பரதநாட்டிய அரங்கேற்றம். ரவிக்கைக்குள் நெஞ்சைச் சுற்றி மருந்துக்கடைக் கிரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டிக்கொண்டு வர்ணம் ஆடினேன். நாற்பது நிமிடம். மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை, தில்லானாவுக்குள் விலா எரிந்தது. முகத்தில் பாவம் பிரமாதம் என்று குரு பாராட்டினார். அது பாவம் இல்லை, வலி.

பத்தொன்பதில் மார்பு அறுவை செய்துகொண்டேன். கொல்லிமலை அண்ணா சொல்கிற “பொறுத்திரு” என்பதற்கு என் உடம்பில் இரண்டு தழும்பு இருக்கிறது. பதினொன்றில் ஊசி கிடைத்திருந்தால் அந்த அறுவையே தேவைப்பட்டிருக்காது. பொறுப்பதற்கும் விலை உண்டு. அதை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

திரும்பிப் போனவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், இப்போது பெண்ணாகத்தான் வாழ்கிறார். தன் டாக்டர் அவசரப்பட்டார், இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்கிறார். கேள்வி கேட்கும் டாக்டர் வேண்டும் என்கிறார், டாக்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்புறம் எண்ணிக்கை. டிவியைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குப் பாதிப் பேர் ஊசி போடுவதாகத் தோன்றும். 2025 ஆரம்பத்தில் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. தனியார் காப்பீட்டில் இருந்த 8 முதல் 17 வயது வரையான 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கணக்கு. ஐந்து வருடத்தில் பாலின அடையாளக் காரணத்துக்காகப் பிளாக்கர் எடுத்தவர்கள் 926 பேர், ஹார்மோன் எடுத்தவர்கள் 1,927 பேர். ஆயிரத்தில் ஒருவர் கூட இல்லை. இந்தப் பிள்ளைகளுக்காக ஏறக்குறைய பாதி நாட்டில் தனித்தனியாகச் சட்டம். இவர்களின் பெற்றோரெல்லாம் சேர்ந்தாலும் ஒரு தொகுதியில் டெபாசிட் வாங்க முடியாது. அதனால்தான் இவர்கள்மேல் கை வைப்பது சுலபம்.


#10 வைகைவடகரை

மதுரையிலிருந்து. அமெரிக்கச் சட்டம் எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பதைப் படித்துவிட்டு அந்த எஸ்பி 14-ஐத் தேடிப் படித்தேன். ஒரு விலக்கு கண்ணில் பட்டது, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ஆண் பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத இடைப்பால் உடல்கூறோடு பிறக்கும் பிள்ளைக்கு வைத்தியமும் அறுவையும் செய்ய அங்கே அனுமதி இருக்கிறது, பெற்றோர் சம்மதித்தால் போதும். வாய் திறந்து பேசத் தெரியாத கைக்குழந்தையும் அதில் அடக்கம்.

இங்கே நேர் எதிர். 2019 ஏப்ரலில் எங்கள் உயர் நீதிமன்றக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தூத்துக்குடித் தம்பதி ஒருவரின் திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்புச் சொல்லும்போது, இடைப்பால் சிசுக்களுக்கு அப்படி அறுவை செய்வதைத் தடை செய்யும்படி அரசுக்குச் சொன்னார். பெற்றோரின் சம்மதம் பிள்ளையின் சம்மதம் ஆகாது என்பது அதன் சாரம். ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு.

அங்கே பதினைந்து வயதுப் பையன் கேட்டால் கூடாது, பதினைந்து நாள் குழந்தை கேட்காமலே செய்யலாம். நாங்கள் பெரிய யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. திருநர் பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்துவதில் நம் ஊருக்கு இணை கிடையாது. ஆனால் “குழந்தையைக் காப்பாற்ற” என்று சொல்லி அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் எந்தக் குழந்தையை நினைத்துச் சொன்னார்கள் என்று புரியவில்லை.


#11 வாய்தா

வைகைவடகரை சொன்னது சரி, அந்த விலக்கு இருக்கிறது. கோர்ட்டில் நிற்காத வாதம், ஆனால் மனதில் நிற்கும்.

கத்தரிவெயில், உங்களுக்கு நடைமுறையாகச் சில விஷயம். எஸ்பி 14 டாக்டரைத்தான் பிடிக்கிறது. வேறு மாநிலம் போகும் பெற்றோரைத் தண்டிக்க அதில் இடமில்லை. நியூ மெக்சிகோ 2023-லேயே அங்கே வைத்தியம் செய்பவர்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டிருக்கிறது. 2023 கடைசியில் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் பாக்ஸ்டன் சியாட்டல் குழந்தைகள் மருத்துவமனையிடமே டெக்சாஸ் பிள்ளைகளின் கோப்புகளைக் கேட்டார். அவர்கள் வழக்குப் போட்டார்கள், சில மாதத்தில் அவர் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆகவே எல்லைக்கு அப்பால் அவர் கை அவ்வளவு நீளம் இல்லை.

நீளமான கை இப்போது வாஷிங்டனில். 2025 ஜனவரி 28 ஆணையில் ட்ரம்ப் “குழந்தை” என்றால் 19 வயதுக்குக் கீழ் என்று வைத்தார், ஓட்டுப் போடும் 18 வயதுக்காரரும் அதில் குழந்தை. இந்த வைத்தியம் செய்யும் மருத்துவமனைகளின் நிதியை வெட்டும் பகுதிகளுக்குப் பால்டிமோரிலும் சியாட்டலிலும் நீதிபதிகள் தடை போட்டார்கள். ஜூலையில் ட்ரம்ப் அரசின் நீதி அமைச்சகம் இருபதுக்கும் மேற்பட்ட டாக்டர்களுக்கும் கிளினிக்குகளுக்கும் சம்மன் அனுப்பியது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்த சம்மனைச் செப்டம்பரில் நீதிபதி ரத்து செய்தார். ஜெயித்த மாதிரி இருக்கிறது அல்லவா? ஆனால் அதே ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனை, சுமார் 3,000 பேரைப் பார்த்துக்கொண்டிருந்த தன் பிரிவையே மூடிவிட்டது. கலிபோர்னியாவில் தடைச் சட்டமே கிடையாது. பணம் நிற்கும் என்ற பயம் போதுமானதாக இருந்தது. கோர்ட்டில் வாய்தா வாங்கலாம், மருத்துவமனை நிர்வாகக் குழு வாய்தா வாங்காது.

ஆகவே: பிள்ளையின் மருத்துவக் கோப்பு முழுவதையும் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். அடுத்த ஊசிக்கு மாற்று இடம் ஒன்று பார்த்து வையுங்கள். இந்த இழையில் ஊர்ப் பெயர்கள் இவ்வளவு போட்டிருக்க வேண்டாம், நெறியாளரிடம் சொல்லிப் பிறகு எடுத்துவிடுங்கள்.


#12 கத்தரிவெயில்

சரிங்க, எடுக்கச் சொல்கிறேன். மாற்று இடம் பார்க்கச் சொன்னது நல்ல நேரத்தில். போன வாரம்தான் எங்கள் கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம்: இந்த வெள்ளிக்கிழமை வருகை உண்டு, அதற்கு அடுத்தது பற்றி “பிறகு தெரிவிப்போம்”. அவனிடம் காட்டவில்லை. ஆனால் மேஜையில் இருந்ததைப் படித்துவிட்டான் போலிருக்கிறது. நேற்று ராத்திரி வந்து, “அம்மா, ஊசி நின்னா எத்தன நாள்ல மாறும்?” என்று கேட்டான். குளியலறை விளக்கு மறுபடி அணைந்திருக்கிறது.

தேம்ஸ்கரை டாக்டர், அதற்கு என்ன பதில் சொல்ல?


#13 தேம்ஸ்கரை

கடைசி ஊசியின் வீரியம் முடிந்து சில மாதங்களில் மெல்லத் தொடங்கும் என்று சொல்லுங்கள். பொய் சொல்ல வேண்டாம், இந்த வயதில் கண்டுபிடித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் இதை அவனையே கேட்க வையுங்கள். மூன்றரை வருடம் ஆகிறது, பிளாக்கரிலேயே இன்னும் எத்தனை நாள், அடுத்து என்ன, எலும்புக்கு எது நல்லது, எல்லாவற்றையும். ஆலோசகரோடும் இந்த வாரமே பேசிவிடுங்கள், ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம்.


#14 கொல்லிமலை

தங்கச்சி, என் ஓட்டு மாறப்போவதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்து பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் ஏழரை மணி நேரம் போய், பெட்ரோல் பங்க்கில் நின்று, அன்றே திரும்புவது என்ன கூத்து? ராத்திரியில் 287-இல் மான் குறுக்கே வரும். அமரில்லோவில் என் பழைய சிநேகிதர் ஒருவர், குஜராத்திக்காரர், மோட்டல் வைத்திருக்கிறார். ஐ-40 பக்கத்திலேயே. நான் சொன்னால் அறை போட்டுக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். எதற்குப் போகிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பையனுக்குக் காலையில் சூடாக ஏதாவது கிடைக்கும். தனி மடல் போடுங்கள்.


#15 கத்தரிவெயில்

அண்ணா, போட்டிருக்கிறேன். காசு கொடுத்துவிடுவோம், அது வேண்டாம். இரண்டு கட்டில் இருக்கிற அறையாகச் சொல்லுங்கள். அவன் பயங்கரமாகக் குறட்டை விடுவான்.